எல்லாரும் சேர்ந்து சொன்ன ஆமாம்

திங்கள்

செவிலியர் பதிவுக்கான விண்ணப்பத்தை இன்று அனுப்பிவிட்டேன். படித்த பள்ளி, பயிற்சி பெற்ற மருத்துவமனை, ரத்தப் பிரிவு எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்து நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்ற கட்டத்தைத் தொட்டதும் கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்து விவரம் கேட்டது. நீளமாக எழுதினால் ஏற்கவில்லை. எழுதி எழுதி அழித்துக் கடைசியில், ‘சாலை மறியல். அபராதம் கட்டியாகிவிட்டது’ என்று மட்டும் போட்டேன்.

மாலை வகுப்பில் சரிதாவிடம் இதைச் சொன்னேன். அவளும் என்னைப் போல நர்சிங் முடித்தவள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் வீடு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“லூசாடி எழில் நீ? கல்யாணத் தரகர்கிட்ட யாராவது உண்மையான வயசைச் சொல்வாங்களா? கேட்டா சொல்லிடறதா?”

“கவர்மென்ட்ல கேக்குறாங்க சரிதா.”

“அதனாலதான் சொல்லக் கூடாது.”

அரசு நர்ஸ் தேர்வுக்கு எங்களைத் தயார் செய்யும் பன்னீர்செல்வம் சார் காதில் இது விழுந்துவிட்டது. சுரங்க டவுன்ஷிப்பின் பதினேழாவது பிளாக்கில் ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில்தான் வகுப்பு. மின்விசிறி ஓடாவிட்டால் எல்லாம் எல்லார் காதிலும் விழும். “உண்மை பேச எத்தனையோ இடம் இருக்கும்மா. அப்ளிகேஷன் அந்த இடம் கிடையாது” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கோபம் வந்தால் எனக்கு வரிசை குழம்பிவிடும்.

எங்கள் தெருவில் ஐந்தாறு வீடு தள்ளி சிலம்பரசன் அண்ணன் இருக்கிறார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மூன்று வருடம் முன்பு அவருடைய மகள் தமிழ்நிலா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று அவள் காலில் ஏறியது. அந்தச் சாலையில் வேகத்தடை வேண்டும் என்று ஊரே அதற்கு முன்பிருந்தே மனு கொடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் எல்லாரும் சாலையில் உட்கார்ந்தோம். மதியம் போலீஸ் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள். பெயரை எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மணமேடைக்குப் பின்னால் யாரோ மாட்டிவிட்டுப் போன ஜிகினாத் தோரணத்தின் கீழே உட்கார்ந்து பெண்களெல்லாம் கதை பேசிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. கைதானது போலவே இல்லை.

சில மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. எங்களுக்காக வைத்த வக்கீல் ஊருக்கே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். “குத்தத்த ஒத்துக்கிறீங்களான்னு ஐயா கேப்பாரு. எல்லாரும் ஒண்ணா ஆமாங்கய்யான்னு சொல்லிடுங்க. ஃபைன் கட்டுனா கேஸ் க்ளோஸ். இல்லன்னா வருஷக்கணக்குல வாய்தாவுக்கு அலையணும்.” அலைந்தால் கூலி போகும். எனக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு. கோயிலுக்குப் போவது போல வேன் பேசி, அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு, போனோம். நீதிபதி கேட்டார். நாற்பது பேரும் பள்ளிக்கூடத்தில் வணக்கம் சொல்வது போல ஒரே குரலில் சொன்னோம். திரும்பும் வழியில் காடாம்புலியூரில் வண்டியை நிறுத்திப் பலாப்பழம் வாங்கித் தின்றோம்.

சிலம்பரசன் அண்ணன் மட்டும் சொல்லவில்லை. “நான் எந்தக் குத்தமும் பண்ணலிங்கய்யா” என்று தனியாகச் சொன்னார். அவரை வழக்கில் முதல் ஆளாகப் போட்டிருந்தார்கள். வேனில் எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள், பிழைக்கத் தெரியாதவர் என்று. இன்று வரை அவர் வாய்தாவுக்கு அலைகிறார். ஆனால் அவர் தண்டிக்கப்படாதவர். அவர் இந்த விண்ணப்பத்தை நிரப்பினால் இல்லை என்ற கட்டத்தைத் தொடலாம். நாங்கள் பலாப்பழம் தின்றுகொண்டே வந்த நாற்பது பேரும் தண்டனை பெற்றவர்கள். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.


வியாழன்

செவிலியர் கவுன்சிலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. என் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாம். காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கி அனுப்ப வேண்டுமாம்.

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகள் வார்டு. பதிவு எண் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் எண் வந்தாக வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் செந்தாமரை. டவுன்ஷிப்பில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. முந்திரித் தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், என்னைப் படிக்க வைப்பதற்காக இந்த வேலைக்கு வந்தாள்.

“அதான் அன்னிக்கே கட்டிட்டமே! ரசீது கூட பொட்டியில கீதே. இன்னும் என்னா வோணுமாம் அவனுவளுக்கு?”

“கட்டுனதுதாம்மா தப்பு.”

“கட்டலன்னாலும் தப்புன்றான், கட்டுனாலும் தப்புன்றான். செத்தாத்தான் சரின்னுவானா?”




சனி

காவல் நிலையத்துக்குப் போய் வந்தேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். கலைச்செல்வன் என்று சட்டையில் பெயர் இருந்தது. கெட்டவராகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார்.

“நர்ஸா? நல்லதாப் போச்சு. எனக்கு சுகர் இருக்கு பாப்பா. காலெல்லாம் எரியுது. என்னா சாப்புடலாம்?”

“டீயில சக்கரை போடாதீங்க சார்.”

“அதைத் தவிர வேற சொல்லு” என்று சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரில் என் பெயரைப் பார்த்தார். “சான்று குடுக்கறதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. இன்ஸ்பெக்டர் ஐயா கையெழுத்துப் போட்டுடுவாரு. எல்லாரும் பண்றதுதான்.”

வெள்ளைத்தாள் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் இன்ன ஊரில் வசிக்கிறேன், நர்சிங் படித்திருக்கிறேன். மேற்படி சம்பவத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இதுவரை எழுதிவிட்டேன். கை எழுதிக்கொண்டே போனது. மனப்பூர்வமாக என்பதற்கு இரண்டு சுழி ‘ன’ தானே என்றுதான் யோசித்தேன், மனம் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வரியை அவர் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். “சிலம்பரசன், தகப்பனார் பெயர் ராஜாங்கம், என்பவரின் தூண்டுதலின் பேரில், விவரம் அறியாமல், நான் மேற்படி மறியலில் கலந்துகொண்டேன்.”

பேனா நின்றுவிட்டது.

“அவர் தூண்டலியே சார்.”

“பின்ன யாரு தூண்டுனா?”

“யாரும் தூண்டல. லாரி ஏறிச்சு, போய் உக்காந்தோம்.”

“பாப்பா, நீ ஒண்ணு புரிஞ்சிக்கணும். நீயா போனேன்னா அது உன் நடத்தை. அடுத்தவன் கூப்புட்டுப் போனேன்னா அது உன் அறியாமை. அறியாமைக்குத்தான் சான்று குடுக்க முடியும்.”

வீட்டில் காட்டிவிட்டு எழுதித் தருகிறேன் என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. “திங்கக்கிழம கொண்டாந்துடு. அவன் கேஸ் வேற வாய்தாவுக்கு வருது” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் உறைத்தது. என் கடிதம் எனக்கு மட்டும் வேண்டிய கடிதம் இல்லை.


ஞாயிறு

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா சிலம்பரசன் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான். நான் ஒரு விஷயத்தை எட்டுப் பக்கம் புரட்டிப் பார்ப்பதற்குள் அவள் போய் முடித்துவிடுவாள்.

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். புருவத்தில்கூடக் கரித்தூள்.

“எழுதிக் குடு பாப்பா” என்றார், நின்றுகொண்டே. “எம் மேல எத்தினியோ எழுதி வச்சிக்கினு கீறானுவ. நீ ஒரு வரி எழுதுனா மட்டும் புதுசா முதுகு ஒடிஞ்சிடப் போவுதா?”

“அது சாட்சிண்ணா. நாளைக்குக் கோர்ட்டுல என்னக் கூப்புட்டு நிக்க வச்சிக் கேப்பாங்க.”

“கேட்டா ஆமாங்கய்யான்னு சொல்லு. அதான் நல்லாச் சொல்லுவீங்களே எல்லாரும்.”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “ஏம்ப்பா, வயித்துப் பாட்டுக்குச் சொன்னோம். அதப் போயி இன்னும் மனசுல வச்சிக்கினு இருக்கியா?”

“வச்சிக்கினு இருந்தா வருவனா அக்கா? சும்மாச் சொன்னேன்.” அவர் சிரித்தார். ஆனால் சும்மாச் சொல்லவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். “பாப்பா நர்ஸ் ஆவட்டும். என் பொண்ணுக்குக் கால்ல கம்பி எடுக்கணும்னு சொல்லிக்கினு கீறாங்க. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருந்தா நல்லதுதானே.”

அவர் போன பிறகு எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்! மூன்று வருடம் கூலியை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைந்து காப்பாற்றிய ஒன்றை, வெற்றிலை பாக்கு கொடுப்பது போல என் கையில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அவனே சொல்லிட்டான் இல்ல. இன்னும் என்னா யோசன?” என்றாள் அம்மா.

யோசித்தேன். எழுதிக் கொடுத்தால் வேலை, சம்பளம், அம்மாவுக்குக் கேன்டீன் சோப்புத் தண்ணீரில் வெடித்த கைக்கு ஓய்வு. எழுதாவிட்டால் எதுவும் இல்லை, அண்ணன் வழக்கும் ஒன்றும் உடனே முடிந்துவிடப் போவதில்லை. கணக்குப்படி எழுதிக் கொடுப்பதுதான் சரி. ஒருவேளை என்னை நல்லவள் என்று நானே நினைத்துக்கொள்வதற்காகத்தான் முரண்டு பிடிக்கிறேனோ? அப்படியும் இருக்கலாம். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

ஆனால் ஒன்று மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் அடங்கவில்லை. அந்த லாரி டிரைவரும் அபராதம் கட்டினார். அவருடைய லைசென்ஸை ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை. யாருடைய தூண்டுதலின் பேரில் அவ்வளவு வேகமாக ஓட்டினாய் என்று கேட்கவில்லை. அதே லாரி, அதே சாலையில், தார்ப்பாய் போடாமல் சாம்பலைத் தூற்றிக்கொண்டு போகிறது. இன்று காலை பால் வாங்கப் போனபோதும் போனது. நான்தான் நடத்தை சரியில்லாதவள்.


திங்கள்

மாலை வகுப்புக்குப் போவதற்கு முன் காவல் நிலையத்துக்குப் போனேன். புதிதாக ஒரு தாளில் நானே எழுதியிருந்தேன். கலைச்செல்வன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“‘எங்கள் தெருச் சிறுமியின் காலில் லாரி ஏறியது. வேகத்தடை கேட்டு மறியலில் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டிவிட்டேன். இன்று வரை வேகத்தடை போடப்படவில்லை.’” கண்ணாடியைக் கழற்றினார். “பாப்பா, இது மன்னிப்புக் கடிதமா? எங்க மேல புகார் குடுக்க வந்தியா?”

“நடந்தத எழுதியிருக்கேன் சார்.”

“நடந்தது எனக்குத் தெரியாதா? வேன்ல உங்கள ஏத்துனதே நான்தானே.” தாளை என் பக்கம் தள்ளினார். “எடுத்துக்கினு போ. இத ஃபைல்ல வச்சா ஐயா என்னைத்தான் கேப்பாரு.”

“சான்று தரமாட்டீங்களா?”

“நீதாம்மா வேணாங்கற.”

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று கவுன்சில் எண்ணுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி செய்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, கம்பெனி பஸ் போய்விட்டது. கடைசியில் ஒரு பெண் எடுத்தார். எரிச்சலான குரல். நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் குரல் சட்டென்று மாறியது. “சான்று தரலன்னா தீர்ப்போட நகல் வாங்கிட்டு நேர்ல வாங்கம்மா. கமிட்டி புதன்கிழமை உக்காருது. அடுத்த வாரம் வந்துடுங்க” என்றார். இவ்வளவுதானா? இதை மெயிலில் போட்டிருந்தால் என்ன?


புதன்

சொன்னபடி இந்த வாரக் கமிட்டிக்குச் சென்னை போனேன், அம்மாவும் வந்தாள். தீர்ப்பின் நகலைச் சரிதாவின் அப்பா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா மூலம் மூன்றே நாளில் எடுத்துக் கொடுத்தார். சரிதா என்னை லூசு என்று சொல்வதை நிறுத்தவில்லை, ஆனால் பஸ் ஏற்றிவிட விடியற்காலையிலேயே வந்து நின்றாள்.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் ஓர் அம்மா, மூத்த செவிலியராக இருந்து வந்தவராம். வலது பக்கம் இருந்த சார்தான் அதிகம் பேசினார்.

“நர்ஸுன்னா அடிபட்ட குழந்தையைப் பாக்கணும். ரோட்டுல உக்காந்து பஸ்ஸை மறிக்கக் கூடாது. அதுல ஆம்புலன்ஸ் மாட்டியிருந்தா?”

“ஆம்புலன்ஸுக்கு வழி விட்டோம் சார். அன்னைக்கு ரெண்டு போச்சு.”

“அது சரி. குழந்தையைப் பாத்தியா நீ?”

“நான் ஹாஸ்டல்ல இருந்து வந்தப்ப ஆபரேஷன் முடிஞ்சிருந்தது சார். நான் பாக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. ரோடுதான் அப்படியே இருந்தது.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நடுவில் இருந்த அம்மா தீர்ப்பு நகலைப் புரட்டினார். “நீங்களே குற்றத்தை ஒப்புக்கிட்டிருக்கீங்களே. வருத்தப்படறீங்களா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து பஸ்ஸில் நான்கு விதமாகப் பதில் தயார் செய்திருந்தேன். ஒன்றுகூட நினைவில் வரவில்லை.

“ஒப்புக்கிட்டதுக்கு வருத்தப்படறேங்க மேடம். உக்காந்ததுக்கு இல்ல.”

 எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் நகலை மூடி வைத்தார். “வெளிய இருங்க” என்றார்.

வெளியே பெஞ்சில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். “என்னா கேட்டாங்க? நல்லபடியா பேசுனியா? ஆமாங்கன்னு சொல்லிட்ட இல்ல?” என்றாள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவளுக்கும் புரிந்திருக்காது.

நாலு மணிக்கு ஒரு உறையைக் கொடுத்தார்கள். என்னைப் பதிவு செய்ய உத்தரவு. எண் இரண்டு நாளில் வரும். கூடவே இன்னொரு தாள் இருந்தது, எச்சரிக்கை என்று தலைப்பிட்டு. ‘விண்ணப்பதாரர் தமது செயலின் தவறை உணர்ந்துள்ளதாலும், இனி இத்தகைய சட்டவிரோதக் கூட்டங்களில் கலந்துகொள்ள மாட்டார் என்பதாலும்’ பதிவு வழங்கப்படுகிறதாம்.

நான் எதை உணர்ந்தேன்? யாரிடம் சொன்னேன்? அந்த அறையில் மூன்று பேர் காதும் நன்றாகத்தானே இருந்தது? அவர்கள் நல்லது செய்ய நினைத்துத்தான் இப்படி எழுதியிருப்பார்கள். காரணம் இல்லாமல் கோப்பை மூட முடியாது, அதனால் ஒரு காரணத்தை எழுதிவிட்டார்கள். வக்கீலும் எங்களுக்கு நல்லதுதான் நினைத்தார். ரைட்டர்கூட டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் எனக்கு நல்லது செய்கிறார்கள். ஒவ்வொரு நல்லதுக்கும் என் வாயில் ஒரு ‘ஆமாம்’ வைக்கிறார்கள்.

அம்மா பஸ்ஸில் மொத்த உறையையும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஏறிய ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம், “எம் பொண்ணு நர்ஸு” என்று சொன்னாள்.


வெள்ளி

எண் வந்துவிட்டது. கடலூர் மருத்துவமனைக்கு அனுப்பினேன். வருகிற திங்கள் முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். சிலம்பரசன் அண்ணன் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எழுதிக் குடுத்துட்டியா?” என்றார்.

“இல்லண்ணா.”

“பின்ன எப்புடிக் குடுத்தானுவ?”

சொன்னேன். கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். “அதுக்குன்னு வாய்தாவுக்கெல்லாம் தொணைக்கு வந்துடாத. இப்பத்தான் வேல கெடச்சிருக்குது” என்றார்.

மாலை வகுப்பில் இன்று அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சி. விடுமுறை கேட்டோ, இடமாற்றம் கேட்டோ எழுதச் சொன்னார் பன்னீர்செல்வம் சார். நான் கவுன்சிலுக்கு எழுதினேன். பதிவு வழங்கியதற்கு நன்றி. எச்சரிக்கையில் கண்டுள்ளபடி நான் எந்தத் தவறையும் உணரவில்லை, எந்த உறுதியும் அளிக்கவில்லை. அவ்விரு வரிகளையும் கோப்பிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போதே பயமாக இருந்தது. கொடுத்த பதிவை அவர்களால் திரும்பப் பிடுங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்றே வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

சார் படித்துவிட்டு, “ஃபார்மட் சரியா இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது வகுப்புக்கு மட்டும்தானேம்மா?” என்றார்.

“இல்ல சார்.”

சரிதா தாளை வாங்கிப் படித்தாள். லூசு என்று சொல்லவில்லை. “பேருக்குக் கீழ ஒண்ணும் போடாம விட்டிருக்க பாரு” என்று பேனாவைக் கொடுத்தாள்.

பதிவு எண்ணைப் போனில் பார்த்துப் பார்த்து எழுதினேன். இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.